முழங்கால் மடங்காத மார்கழி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்குப் பிறகு நான் எழுதியது மளிகைச் சாமான் சீட்டும், பால் வராத நாளுக்குக் காலண்டரில் போடும் பெருக்கல் குறியும்தான். மறதியும் வந்துவிட்டது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதச் சொன்னது என் மருமகள். "வாயில சொன்னா பாதியில வெக்கப்பட்டு நிறுத்திடறீங்க அத்தை, எழுதுங்க" என்று நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சூரமங்கலத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்காரர் ரயில்வேயில் பளு தூக்குகிற கலாசியாக இருந்தவர், காலமாகிவிட்டார். மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஓமலூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர் இருக்கிறார். தோட்டம் காடு பார்த்தவர், மகன் லாரி ஓட்டுவதால் இங்கே குடி வந்தார். எனக்கு வெளிப்பழக்கம் என்றால் அவரும் கோயிலும்தான். நாங்கள் கிறிஸ்தவர்கள், வேதக்கோயில். தினமும் காலை ஆறு மணிப் பூசைக்கு நடந்து போவேன். நாலு தெரு தூரம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் என் வழக்கம்.

எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் வடக்கே வேலை பார்த்து வந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஐப்பசி மழை ஓய்ந்து, காலையில் ஏற்காட்டு மலை கண்ணுக்கே தெரியாமல் பனிக்குள் போய்விடுகிற நாள்கள் வந்தால், அது மற்றவர்களுக்கு முன்னால் என் முழங்காலுக்குத் தெரிந்துவிடும். விடியற்காலையில் கட்டிலை விட்டு இறங்கி நின்றால் கால் என் கால் மாதிரியே இருக்காது. துருப்பிடித்த கீல் போட்ட கதவு எப்படித் திறக்கும், அப்படி. கட்டிலிலிருந்து குளியலறைக்கு எட்டு அடி இருந்தால் அதிகம். முன்பெல்லாம் அதை யோசித்ததே இல்லை. இப்போது முதல் அடிக்கு ஒரு ஜெபம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மருமகள் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மூட்டுத் தேய்மானம்மா. எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு தேஞ்சிருக்கு" என்றது.

"குளுருனாலயாங்க?" என்று கேட்டேன்.

"குளிர் தேய்க்கறதில்ல. குளிர்ல தசை இறுகிக்கும், அதனால வலி ஜாஸ்தியா தெரியும். சூடா வெச்சுக்கங்க. நடக்கறத விட்டுடாதீங்க. சம்மணம் போடாதீங்க, குத்தவெக்காதீங்க, முழங்கால் போட்டு உக்காராதீங்க."

கடைசியாகச் சொன்னதைக் கேட்டு நான் மருமகள் முகத்தைப் பார்த்தேன். அவள் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியாள்களுக்கு இது புரியாமல் போகலாம், அதனால் சொல்கிறேன். பூசையின் நடுவே எழுந்தேற்றம் என்று ஒரு நேரம் உண்டு. சாமியார் அப்பத்தைக் கையில் உயர்த்திப் பிடிப்பார், மணி அடிப்பார்கள். அப்போது கோயிலில் உள்ள அத்தனை பேரும் முழங்காலில் இருப்பார்கள். அதன் பிறகு வரிசையாகப் போய் நன்மை வாங்குவோம். அந்த அப்பத்தை வாங்கி உண்பதைத்தான் நன்மை என்போம். சின்ன வயதில் எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா கையில் ஒரு பிரம்பு வைத்திருப்பார். முழங்கால் போட்டபடி சோர்ந்துபோய்க் குதிகாலில் உட்கார்ந்தால் பிரம்பு முதுகில் விழும். "உன் குதிகாலைச் சாத்தானுக்கு நாற்காலியாப் போட்டுக் குடுக்கறியா?" என்பார். எனக்கு அது எழுபது வயதுக்கு மேலும் முதுகிலேயே இருக்கிறது.

அந்த வருடம் ஐப்பசி பாதியிலேயே மழை ஓய்ந்துவிட்டது. அதில் ஒரு காலை. பனியில் நடந்து போயிருந்தேன். கோயில் தரை மொசைக், காலை வைத்தால் பனிக்கட்டி. எழுந்தேற்ற மணி அடித்தது. எல்லாரும் சடசடவென்று இறங்கினார்கள். என் கால் மடங்கவே இல்லை. வலது முழங்காலைத் தாழ்த்தப் பார்த்தேன், உள்ளே யாரோ ஊசியைத் திருகின மாதிரி இருந்தது. அத்தனை தலைகளும் கீழே இருக்க, நான் ஒருத்தி மட்டும் நட்டுவைத்த கம்பம் போல நின்றேன். முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். சாமியார் அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை, யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நன்மை வாங்க நான் போகவில்லை. ஆண்டவருக்கு முன்னால் மண்டியிடாமல் நின்றுவிட்டு, எந்த முகத்தோடு போய் நாக்கை நீட்டுவது? மறுநாள் கதவுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்தில் நின்று பூசை கண்டேன். அதற்கு மறுநாளும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை மருமகள் பிள்ளைகளோடு முன்னால் உட்காருவாள், நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. நன்மை நேரத்தில் எல்லாரும் முன்னால் போவார்கள், நான் தூணுக்குப் பின்னால் போவேன்.

இப்படி ஏழு வாரம்.

இந்த ஏழு வாரமும் சூடு வைக்காமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். கால் மடங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனிதரால் முடிந்ததெல்லாம் செய்தேன். பக்கத்து வீட்டம்மா ஏரிக்கரையிலிருந்து நொச்சித் தழை ஒடித்து வந்து கொதிக்க வைத்துத் தருவார். கல் உப்பை இரும்புச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பேன். முதல் தடவை அவசரத்தில் சூடு தெரியாமல் வைத்துக் கொப்புளம் வந்துவிட்டது. காலையில் கால் மரத்திருக்கும், சூடு தாமதமாகத்தான் உறைக்கும். அதற்குப் பிறகு அந்தம்மா முடிப்பைத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் கையில் கொடுத்தார்.

ஒருநாள் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வேற்று மதம் என்பதால் சொல்லக் கூச்சம் குறைவாக இருந்தது.

"ஏனுங்க அக்கா, கால் மடக்குனாத்தான் உங்க சாமி கண்ணு தொறக்குமா?" என்றார்.

"அப்படியில்லீங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

"எங்க மாரியாத்தா படுத்துக்கிட்டே கும்புட்டாலும் கேட்டுக்கும். போன மாசம் காய்ச்சல்ல கெடந்தனே, கட்டல்ல இருந்தபடிக்கே கையெடுத்தேன். கோவிச்சுக்கவே இல்ல. ஏன், உங்க சாமிக்கு மட்டும் அம்புட்டு ரோசமா?"

"ரோசம் சாமிக்கில்லீங்க. எனக்குத்தான்."

"அதச் சொல்லுங்க மொதல்ல!" என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

மருமகளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஊர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் சனத்தில் ஒருத்தர் நன்மை வாங்கவில்லை என்றால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. வீட்டில் யாரோடோ பேச்சுவார்த்தை இல்லை, மனதில் பகை இருக்கிறது, அதனால் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். மாமியாக்காரி ஏழு வாரமாகத் தூணுக்குப் பின்னால் போனால் வேறு யாரோடு பகை இருக்க முடியும்? தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கிற இடத்தில் ஒரு அம்மா என் மருமகளிடமே கேட்டுவிட்டதாம்: "ஏம்மா, பெரியவங்களை என்னதான் பண்ணுன? சாப்பாடு கீப்பாடு ஒழுங்காப் போடறியா?"

அன்று மாலை வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட வைக்கவில்லை.

"அத்தை, எம்மேல கோவமா உங்களுக்கு?"

"ஏன் சாமி, அப்படிக் கேக்கற?"

"நீங்க நன்மை வாங்கறதில்லையாம். ஊரே பேசுது, எனக்கு மட்டும் தெரியல. நான் என்ன தப்பு பண்ணுனேன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நல்ல பெண். என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுத்தான் தூங்கப் போகிறவள். அவள் பேரைக் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. "கால் மடங்கல கண்ணு, அதனாலதான்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. "கிறிஸ்துமசுக்குள்ள பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கிடறேன்" என்று மட்டும் சொன்னேன். பாவசங்கீர்த்தனம் என்றால் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. அது இன்னும் மோசமாயிற்று. அப்படியானால் ஏதோ பாவம் இருக்கிறது என்றுதானே ஆகிறது? அவள் பையோடு உள்ளே போனாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தின சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்கள் என்று அறிவித்தார்கள். அன்று காலையிலிருந்தே காலைத் தயார் செய்தேன். வெயில் ஏறினதும் அதில் அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். டாக்டர் பெண் சொன்னபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து, மெல்ல இறக்கி, அப்புறம் மற்றக் கால். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதிக் கொடுத்த மாத்திரை. விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவி, மேலே மகனுடைய பழைய கம்பளிச் சாக்ஸை வெட்டி முழங்காலில் மாட்டிக்கொண்டேன். சேலைக்குள் தெரியாது.

பாவசங்கீர்த்தனக் கூண்டு மரத்தால் செய்தது. சாமியார் உள்ளே உட்கார்ந்திருப்பார். பக்கவாட்டில் சல்லடை வைத்த ஜன்னல், அதன் கீழே முழங்கால் போட ஒரு பலகை. வரிசையில் பதினைந்து பேராவது இருந்தோம். மருமகள் எனக்கு நாலு பேர் தள்ளி நின்றாள். நின்றபடியே சொல்லலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. முழங்கால் போடாத பாவத்தைச் சொல்ல வந்துவிட்டு அதையும் நின்றுகொண்டு சொன்னால் என்ன திமிர் என்று நினைப்பாரே! கூண்டை இரண்டு கையாலும் பிடித்து இறங்கினேன். என்ன ஆச்சரியம், கால் மடங்கிவிட்டது. வலி இருந்தது, ஆனால் மடங்கிவிட்டது. வழக்கமான பாவங்களைச் சொன்னேன். கோபப்பட்டேன், ஜெபத்தில் பராக்குப் பார்த்தேன், ஒன்றிரண்டு பொய். முக்கியமானதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டேன். கால்தான் மடங்கிவிட்டதே, இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும், அப்படியே எழுந்து போய்விடலாம் என்று ஓர் எண்ணம் வந்தது.

எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இடது காலை ஊன்றப் பார்த்தேன். அது தூங்கிவிட்டிருந்தது. வலது காலில் பாரம் போட்டால் உயிர் போகிறது. கூண்டைப் பிடித்து இழுத்தேன், கூண்டுதான் கிறீச்சென்றது.

உள்ளே இருந்த சாமியார் தெற்கத்திக்காரர், இளம் வயது. நான் போகாமல் இருப்பதைப் பார்த்து, "வேற ஏதும் உண்டுமா, பாட்டி?" என்றார்.

எழ முடியவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நேரம் இருந்தால் கால் தெளிந்துவிடும் என்று நினைத்து, "இருக்குதுங்க சாமி" என்றேன்.

"சொல்லுங்க."

யோசித்து ஒன்றைச் சொன்னேன். "ரயில்வே குவாட்டர்ஸ்ல இருந்தப்ப பக்கத்து வீட்டு முருங்கைக்காய் எங்க பக்கம் ரெண்டு தொங்குச்சுங்க. நான் பத்து பறிச்சேன்."

"எப்போ?"

"நாப்பது வருசம் இருக்குங்க."

"சரி. வேற?"

காலை அசைத்துப் பார்த்தேன். இல்லை. "எங்க நாத்தனாருக்கு மிக்சி வந்துச்சுங்க, எனக்கு அப்ப ஆட்டுக்கல்லுதான். அது ரிப்பேர் ஆகணும்னு வேண்டிக்கிட்டேன்."

"ஆச்சுதா?"

"இல்லீங்க சாமி. நல்லா ஓடுச்சுங்க."

உள்ளே இருமுகிற சத்தம் கேட்டது. அது இருமல்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். வரிசையில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஓர் ஆண் குரல், "இந்தம்மா பாவம் முடியறதுக்குள்ள கிறிஸ்துமசே வந்துரும் போல" என்றது. இன்னொருத்தி, "பெரிய குடும்ப விவகாரம், நேரமாகத்தானே செய்யும்?" என்றாள். அது என் மருமகள் காதில் விழும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

கல்யாண விருந்தில் கைக்குட்டையில் முடிந்த லட்டைச் சொன்னேன். மருமகள் வைக்கிற ரசம் நன்றாயிருக்கிறது என்று வருடக்கணக்காகச் சொல்லிவரும் பொய்யையும் சொன்னேன். அவள் இதைப் படிப்பாள், படிக்கட்டும். அதோடு என் கையில் பாவம் தீர்ந்துவிட்டது. கால் தெளியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேற உண்டுமா?"

"சாமி, எனக்கு முழங்கால் போட முடியறதில்லீங்க. எழுந்தேற்றத்துல நிக்கறேன். அதனால ஏழு வாரமா நன்மை வாங்கலீங்க. மருமகளோட சண்டைன்னு ஊர்ல பேசறாங்க. அவ ஒரு தப்பும் பண்ணல."

அவர் சல்லடைப் பக்கம் குனிந்தார். பிறகு, "இப்போ எப்படி இருக்கீங்க, நின்னுக்கிட்டா?" என்று கேட்டார்.

"முழங்கால்லதாங்க சாமி இருக்கேன். பாவமெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சுங்க. எந்திரிக்க வரலை."

"அட ஆண்டவரே!" என்றார்.

ஆனால் உடனே வெளியே வரவில்லை. முதலில் நிதானமாகச் சொன்னார்: "கேளுங்க பாட்டி. முடியாதவங்க முழங்கால் போடணும்னு திருச்சபை கேக்கல்ல. உக்காந்து தலைகுனிஞ்சா போதும். நன்மைக்கும் முழங்காலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஏழு வாரம் வீணாப் பட்டினி கிடந்திருக்கீங்க." பாவமன்னிப்பு மந்திரத்தைச் சொல்லி ஆசீர்வதித்தார். பரிகாரம் என்னங்க என்று கேட்டேன். மூன்று 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன்.

"நாளைக்குப் பூசையில நாற்காலியில உக்காரணும். எல்லாரும் இருக்கும்போது. அதுதான் பரிகாரம்."

நான் வாழ்நாளில் கேட்ட பரிகாரங்களிலே கடினமானது அதுதான்.

அவர் கூண்டை விட்டு வெளியே வந்தார். அதற்குள் மருமகள் வரிசையை விட்டு ஓடிவந்துவிட்டாள். அவள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கால் நேராக நிமிர இரண்டு நிமிடம் ஆயிற்று. கூண்டைப் பிடித்தபடி, பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவள் காதில் சொன்னேன்: "கால்தான் சாமி. காலுதான். உன்மேல ஒண்ணுமில்ல."

"இதச் சொல்றதுக்கு ஏழு வாரமா அத்தை?" என்றாள். திட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் என் கையை விடவில்லை.

மறுநாள் ஞாயிறு. சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில் உட்கார என் உடம்பெல்லாம் கூசியது. மணி அடித்தது, எல்லாரும் இறங்கினார்கள். நான் உட்கார்ந்தபடி தலையைக் குனிந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் முழங்கால் கவலை. பிறகு தலையை நிமிர்த்தி, சாமியார் கையில் உயர்ந்த அப்பத்தைப் பார்த்தேன். ஐப்பசிக்குப் பிறகு அன்றைக்குத்தான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். நன்மை நேரத்தில் மருமகள் வந்து கையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒன்றாக வரிசையில் போனோம், எல்லாரும் பார்க்கட்டும் என்றே மெதுவாக நடந்தாள்.

வெளியே வரும்போது முந்தின நாள் வரிசையில் பேசினவள் எதிரே வந்தாள். "என்ன, மாமியாரும் மருமகளும் ராசியாயிட்டீங்களா?"

"சண்டை போட்டாத்தானுங்க அக்கா ராசியாகறதுக்கு?" என்றாள் மருமகள், சிரித்துக்கொண்டே. அந்தம்மா செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டது.

கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பனி கடுமையாக இருந்தது. நள்ளிரவுச் சாமப் பூசைக்கு நான் போகவில்லை. வெயில் வந்த பிறகு எட்டு மணிப் பூசைக்குப் போனேன். நாற்காலி மூன்றாகியிருந்தது. என் பக்கத்தில், எப்போதும் தூணில் சாய்ந்து நிற்கிற ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கர்வம் பிடித்தவர், முழங்கால் போடமாட்டார் என்று நானே பல வருடமாக நினைத்திருந்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து, "உங்களுக்கு எந்தக் கால்?" என்று கேட்டார். "ரெண்டும்" என்றேன். "எனக்கும்" என்றார். அன்றைக்கும் நன்மை வாங்கினேன்.

வலி போய்விட்டதா என்றால், இல்லை. தை முடியும் வரை காலையில் கீல் கிறீச்சிடத்தான் செய்கிறது. ஆறு மணிப் பூசையை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மட்டும் போகிறேன். மற்ற நாள் வெயில் வந்த பிறகு நாலு தெருவும் நடந்துவிட்டு வருகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் சரிபார்த்துவிட வேண்டும். டாக்டர் பெண் சொன்னது பத்து எண்ணுவதா, ஐந்து எண்ணுவதா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஒரு டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஏழு வாரம் என்று எழுதியிருப்பதை மருமகள் ஆறு என்கிறாள். முடியாதவர்கள் உட்காரலாம் என்று சாமியார் சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று கோயில் விஷயம் தெரிந்த யாராவது பாருங்கள். என் எழுத்தை நம்பி யாரும் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டாம்.